பதில்: ‘தொலைக்கண்காணி’ வேண்டாம், ‘மேற்பார்வை அட்டை’ என்று வைப்போம்

எல்லோருக்கும் வணக்கம். நம் தமிழ்க் கணினிக் கலைச்சொல் பட்டியலின் வரைவில், யூபிஎஸ்ஸை (கரண்ட் போனால் பற்றரியில் கருவிகளைத் தாங்கும் பெட்டி) வலையமைப்பு வழியாகப் பார்க்கும் கருவிக்கு என்ன பெயர் என்று நடக்கும் பேச்சுக்கு இது என் பதில்.

> யூபிஎஸ்ஸின் பின்பக்கம் சொருகும் நெட்வேர்க் கார்ட், சேர்வர் அறையின் சூடும் ஈரப்பதமும் பார்க்கும் பெட்டி, இரண்டுக்கும் பொதுவாகத் ‘தொலைக்கண்காணி’ என்று போட்டுவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான் தம்பி, ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது. கணினி உலாவியில் அந்தக் கார்டுக்குள் நுழைந்து பாருங்கள். முதல் பக்கத்தில் பற்றரி எத்தனை சதவீதம், சுமை எவ்வளவு, கரண்ட் போனால் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற விபரங்கள் இருக்கும். இது கண்காணிப்பு, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த பக்கத்தில் இருப்பவை கட்டளைகள்: யூபிஎஸ்ஸை நிறுத்து, நிறுத்தித் திரும்பவும் போடு, பற்றரியைச் சோதி. ‘நிறுத்து’ என்பதைத் தெரிவுசெய்து, ‘நிச்சயமா?’ என்று கேட்கும்போது ‘ஆம்’ என்றால் போதும். அதில் தொங்கும் சேர்வர், சுவிட்ச், சேமிப்பகம் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிடும். வெளியாரை வலையமைப்புக்குள் விடாமல் தடுக்கும் தீச்சுவர் (firewall) எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை, அதற்கும் கரண்ட் அங்கேயிருந்துதான் வருகிறது.

என் கவலை இதுதான்: கண்காணிப்பு என்று பெயர் வைத்தால் அதைப் பூட்டவேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கும் வராது. கொழும்பில் நான் போய்வரும் கந்தோர்களின் பொருட்பதிவேட்டில் இந்தக் கார்டுகள் சுவர்மணிக்கூட்டுக்கும் வெப்பமானிக்கும் பக்கத்தில்தான் கிடக்கின்றன. பாதுகாப்புச் சோதனைக்கு வருகிறவர்களும் சேர்வரைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2022 மார்ச் மாதத்தில் ஆர்மிஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஏபிசி (APC) ஸ்மார்ட்-யூபிஎஸ் வகைகளில் மூன்று பாதுகாப்பு ஓட்டைகளை வெளியிட்டது. அதே மாதம் 29ஆம் திகதி அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமை சிசாவும் எரிசக்தித் திணைக்களமும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விட்டன: இணையத்தில் நேரடியாகத் தெரியும் யூபிஎஸ்களுக்குள் ஆட்கள் புகுகிறார்கள், பெரும்பாலும் தொழிற்சாலையில் போட்ட பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்டதால். அந்த வாரம் இங்கே இலங்கையில் நாங்கள் என்ன நிலையில் இருந்தோம் என்று நினைவிருக்கும். மார்ச் 31க்கு 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். டீசலுக்கு அலைந்துகொண்டிருந்தவர்களுக்கு அமெரிக்க எச்சரிக்கை படிக்க எங்கே நேரம்?

பிறகு ஜூன் கடைசியில், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். வேலைக்குப் போக வழியில்லை. எனக்குத் தெரிந்தே சில இடங்களில், வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் ஒரு வாசலை, திறந்து நேரே கார்டுக்கு விட்டார்கள். பெற்றோல் வந்தது, அதைப் பங்கிட கியூஆர் முறை வந்தது, வரிசையும் போனது. போர்ட் மட்டும் திறந்தபடியே கிடந்தது.

> ‘கண்காணி’ என்று வாசித்தால் மலையகத்தில் வேறு ஆளின் முகம் வரும்.

ஹற்றன் அக்கா சொல்வது சரி. கண்காணிதான் பேச்சில் கங்காணி ஆனது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர், முற்பணம் கொடுத்துக் கடனில் கட்டிவைத்தவர், விடிய முன்னே பிரட்டுக்களத்தில் (தொழிலாளரை வேலைக்குக் கூட்டும் இடம்) நிறுத்தியவர். சும்மா பார்த்துக்கொண்டு நின்றவர் இல்லை. அப்படிப் பார்த்தால் இந்தக் கருவிக்கு அச்சொட்டாகப் பொருந்துகிற சொல் என்று வாதாடவும் இடமிருக்கிறது. நான் வாதாடமாட்டேன். நுவரெலியாவில் ஒரு பிள்ளை தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் இந்தச் சொல்லைப் படிக்கவேண்டிய தேவை என்ன?

‘மேற்பார்வை’ கையிலேயே இருக்கிறது. மேற்பார்வையாளர் என்றால் பார்ப்பவரும் அவர்தான், வேலையை நிறுத்தச் சொல்பவரும் அவர்தான் என்று இங்கே எல்லோருக்கும் விளங்கும். ஆகவே யூபிஎஸ்ஸில் சொருகுவது மேற்பார்வை அட்டை, தனியாக ராக்கில் நின்று கட்டளையும் போடக்கூடியது மேற்பார்வைப் பெட்டி. வெறும் சூடும் ஈரமும் அளந்து சொல்வது மட்டும் என்றால் உணரிப் பெட்டி போதும். ‘தொலை’யை விட்டுவிடலாம். தூரத்திலிருந்து நுழைவது நாம் கொடுக்கும் அனுமதி, அது கருவியின் குணம் இல்லை. அதைத் ‘தொலை அணுகல்’ என்று தனிப் பதிவாக எழுதி, விளக்கத்தில் விபிஎன் (இணையத்தின் ஊடாகப் போடும் மறைகுறியாக்கிய தனிவழி) வழியாக மட்டும் என்று சேர்க்கவேண்டும். எதையும் மறைக்காமல் அனுப்பும் பழைய வழிகளான டெல்நெட், பூட்டில்லாத எச்ரிரிபி (HTTP) இரண்டையும் அணைத்துவைக்கவேண்டும், அட்டையை ஊழியர்களின் கணினிகள் இருக்கும் வலையமைப்பில் விடாமல் வேறாக்கவேண்டும் என்றும் ஒரு வரி போடலாம். கலைச்சொல் பட்டியலில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். பயிற்சிக் கையேட்டுக்கு ஆட்கள் அப்படியே எடுத்துப்போடுவது நம் விளக்கத்தைத்தான், அதனால்தான்.

வரைவில் என்னை அதிகம் உறுத்தியது ‘சமூகச் சரம்’ (community string). இந்த அட்டைகளை வலையமைப்பு வழியாகக் கேள்வி கேட்கவும் கட்டளையிடவும் உதவும் நெறிமுறையான எஸ்என்எம்பியின் (SNMP) முதலாம் பதிப்பிலும் 2சி பதிப்பிலும் அது செய்வது கடவுச்சொல்லின் வேலை. அதுவும் மறைக்காமல் வெறும் எழுத்தாகவே வலையமைப்பில் ஓடுகிறது. வாசிக்க ‘பப்ளிக்’, எழுத ‘பிரைவேட்’ என்று வழமையாக வருவதைப் பலர் தொடுவதேயில்லை. ஆங்கிலத்திலேயே சாதுவான பெயர், தமிழில் சமூகமும் சரமும் சேர்ந்து கோயில் மாலை மாதிரி ஆகிவிட்டது. ‘குழுக் கடவுச்சொல்’ என்று போடுங்கள். கடவுச்சொல் என்று கண்டால்தான் மாற்றுவார்கள். முடிந்த இடத்தில் மூன்றாம் பதிப்புக்குப் போகவேண்டும் என்பதையும் அந்தப் பதிவிலேயே குறிக்கலாம். அதில் ஆளுக்கு ஆள் தனிப் பெயர், செய்தியும் மறைகுறியாக்கத்துடன் போகும். ஆனால் மறைகுறியாக்கத்தை நாம்தான் போட்டுவிடவேண்டும், அணைத்து வைத்துக்கொண்டு மூன்றாம் பதிப்பு என்று சொல்வதில் பலனில்லை.

கடைசியாக ‘ட்ரப்’ (trap), அதே எஸ்என்எம்பியில் வரும் சொல். பட்டியலில் ‘பொறி’ என்று இருக்கிறது. பொறி என்றால் எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி, இயந்திரமும்கூட. நடப்பதோ வேறு. நாம் கேள்வி கேட்பது அட்டையின் 161ஆம் போர்ட்டில். பற்றரி இறங்குகிறது என்று அட்டை தானாகச் சொல்வது நம் பக்கத்து 162க்கு வருகிறது. கேட்காமலே வருவதால் ‘கேளா அறிவிப்பு’ என்கிறேன். ‘தன்னறிவிப்பு’ என்றாலும் சம்மதம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள், அன்றைக்குப் ‘பொறி’யைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவேன்.