தாத்தாவின் இழைப்புளி பிளேடு: துரு எடுக்கப் போய் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது, உதவி தேவை

தச்சன் பேரன்:
வணக்கம். தாத்தா தச்சு வேலை செய்தவர். அவர் போன பிறகு பரணிலேயே கிடந்த மரப்பெட்டியைப் போன வாரம்தான் இறக்கினேன். உள்ளே இழைப்புளி பிளேடு ஒன்று, உளி மூன்று. எல்லாமே செங்கல் நிறத்தில் துரு. உப்புத்தாளால் தேய்த்தால் நல்ல இரும்பும் சேர்ந்து போகிறது. அதனால் மின்பகுப்பு முறையில், அதாவது தண்ணீரில் கரண்ட் விட்டுத் துருவைக் கழற்றும் முறையில் எடுக்கலாம் என்று இறங்கினேன். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், இரண்டு கை கல் உப்பு, 12 வோல்ட் கார் பேட்டரி சார்ஜர். மைனஸ் கிளிப்பை பிளேடில் மாட்டினேன், பிளஸ்ஸை ஒரு எவர்சில்வர் டம்ளரில் மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாகிவிட்டது. பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது. டம்ளரைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் துரு கழன்றிருக்கிறது, மறுபக்கம் அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
தம்பி, முதலில் சார்ஜரை சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள். வாளி வீட்டுக்குள் இருந்தால் ஜன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டு, வாடை போன பிறகு உள்ளே போங்கள். அந்த வாடை குளோரின். உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டால் பிளஸ் பக்கம் அது வந்தே தீரும்.

அதைவிட எனக்குக் கவலை அந்த டம்ளர்தான். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. பிளஸ்ஸில் மாட்டினால் அது கரைந்து தண்ணீரில் இறங்கும். அதில் ஹெக்ஸாவேலன்ட் என்கிற வகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அந்தத் தண்ணீரைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாதீர்கள். கையுறை போட்டு ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மூடியை இறுக்காமல், குழந்தைகள் கைபடாத வெளியிடத்தில் வையுங்கள். பிறகு வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள். டம்ளரை இனி சமையலறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

உப்புக்குப் பதில் சலவை சோடா, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. டம்ளருக்குப் பதில் கட்டடம் கட்டும் சாதாரண முறுக்குக் கம்பித் துண்டு. துத்தநாகம் பூசிய கம்பி வேண்டாம். பொருளைச் சுற்றி நாலு பக்கமும் கம்பி நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே பிளஸ்ஸில் இணையுங்கள். கம்பிக்கு நேராக இருக்கும் முகம்தான் நன்றாகச் சுத்தமாகும். கிளம்பும் குமிழியில் ஹைட்ரஜன் இருக்கிறது, அதனால் திறந்தவெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

தச்சன் பேரன்:
ரொம்ப நன்றி டீச்சர். நீங்கள் சொன்னபடியே மொட்டை மாடியில் புதிதாக அமைத்தேன். இந்தத் தடவை உளியை இறக்கினேன். ஆனால் ஆம்பியர் முள் அசையவே இல்லை, குமிழியும் இல்லை. சோடா போதவில்லையா?

லேத் பட்டறை:
சோடாவில் குறை இருக்காது. கிளிப் துரு மேலேயே கடித்துக்கொண்டிருக்கும். துரு வழியாகக் கரண்ட் ஒழுங்காகப் போகாது. அரத்தால் ஓரமாக ஒரு நகக்கண் அளவு தேயுங்கள், வெள்ளையாக மினுக்கும் இரும்பு தெரிய வேண்டும். அங்கே கிளிப்பை மாட்டுங்கள். கிளிப் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். அப்புறம், சில புது சார்ஜர்கள் பேட்டரி இணைத்திருந்தால்தான் கரண்டே விடும். உங்களுடையது முதல் தடவை ஓடியதால் அது காரணமில்லை.

உளியின் மரப்பிடியைக் கழற்றிவிட்டீர்கள்தானே? பித்தளைப் பூண் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். கம்பியும் உளியும் உரசிவிடக் கூடாது, ஷார்ட் ஆகிவிடும். கம்பியில் சேறு படியும்போது ஆம்பியர் இறங்கும். அணைத்துவிட்டுக் கம்பியைச் சுரண்டிப் போடுங்கள்.

தச்சன் பேரன்:
அரம் போட்டதுமே முள் துள்ளி 3 ஆம்பியருக்கு வந்தது! உளியைச் சுற்றி நுரை கட்டியது. ராத்திரி அணைத்து எடுத்தபோது உளி முழுக்கக் கரி பூசினது மாதிரி இருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் அந்தக் கறுப்பு வழிந்து, கழுத்துப் பக்கம் தாத்தா ஆணியால் குத்தி வைத்த மூன்று புள்ளிகள் தெரிந்தன. அவருடைய சாமான் எல்லாவற்றிலும் அந்த அடையாளம் இருக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது ஒரே சந்தேகம். காய்வதற்குள் லேசாக மறுபடி செம்மை ஏறுகிறது.

லேத் பட்டறை:
ஏறும், பச்சை இரும்பு அல்லவா. கழுவின கையோடு துணியால் துடைத்து, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ சூடுகாட்டி, சூடு ஆறும் முன் தையல் மெஷின் எண்ணெய் தடவிவிடுங்கள். பிளேடின் வாய்ப்பக்கம் துரு தின்ற குழி இருந்தால் மின்சாரம் அதை நிரப்பாது. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, பிளேடின் தட்டை முதுகை அதில் படுக்கவைத்துத் தேய்த்து, குழி மறைகிற வரை வாயைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். அவசரப்பட்டு கிரைண்டரில் வைத்துவிடாதீர்கள், சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்தால் பதம் போய், வாய் மெத்தென்று ஆகிவிடும்.