வாலாஜாவில் ஒரு பழைய குரோம் ரேஸ் சைக்கிள்: வாங்கலாமா, விடலாமா?

காட்பாடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வாலாஜாபேட்டையில் ஒரு பெரியவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று நிற்கிறது. ஃப்ரேம் முழுக்கக் குரோம், பெயின்ட் என்பதே கிடையாது. ஆட்டுக்கொம்பு போலக் கீழே வளைந்த ஹேண்டில்பார், கியர் லீவர் இரண்டும் ஃப்ரேமின் கீழ்க்கம்பியில், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து. முன்பக்கப் பெயர்த்தகடு எப்போதோ விழுந்துவிட்டது, அது இருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள்தான் மிச்சம். அவருடைய அண்ணன் வெளிநாட்டு வேலை முடிந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தாராம். அண்ணன் போன பிறகு இருபது வருடமாக யாரும் ஏறவில்லை. “இங்கிலாந்து சைக்கிள் தம்பி” என்று சொல்லி 12,000 ரூபாய் கேட்கிறார்.

நான் எட்டாவது படிக்கும்போது கொசப்பேட்டையில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் இதே மாதிரி ஒரு குரோம் சைக்கிள் உத்தரத்தில் தொங்கும். அதை வாடகைக்கு விடமாட்டார்கள். நாங்கள் மணிக்கணக்குக்கு ஓட்டை வண்டியை எடுத்துக்கொண்டு, திருப்பி விடும்போதெல்லாம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிப்படிக்கடியில் சாக்கை விலக்கியபோது எனக்குக் கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன்.

இப்போது குறைகள். பெடல் அச்சு இருக்கும் இடத்தைச் சுற்றிக் கடுகு கடுகாகத் துரு. பின் ஃபோர்க்கில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குரோம் உரிந்திருக்கிறது. சீட் பில்லர் அசையவே இல்லை. டயரில் 27க்கு 1¼ என்று போட்டிருக்கிறது, இங்கே கடையில் கேட்டால் 28க்கு 1½ தான் இருக்கிறது என்கிறார்கள். மச்சான் ஒருவர் ‘மொத்தத்தையும் உரித்துப் புதுசாகக் குரோம் போட்டுவிடு’ என்கிறார். என் உயரம் 5 அடி 9 அங்குலம். ஞாயிறு காலையில் அமிர்தி வரை போய்வர வேண்டும், என்றாவது ஏலகிரி ஏற வேண்டும். விலை நியாயமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

குடியாத்தம் சைக்கிள் கடை:

தம்பி, பளபளப்பைப் பார்த்துப் பணத்தை எடுக்காதே. முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், குரோம் வண்டியை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர் என் கடை வாசலுக்கு வந்திருக்கிறார்கள். பால்ரஸ், கோன், கப்பு, செயின், ஃப்ரீவீல் எல்லாம் மாற்றிவிடலாம், ஒரு ஓவராயிலில் முடிந்துவிடும். ஃப்ரேம் கோணலாக இருந்தால் அது வண்டியே இல்லை. அதனால் அதை மட்டும் முதலில் பார்.

குரோம் ஃப்ரேமில் ஒரு வசதி உண்டு, பெயின்ட் வண்டியில் அது கிடைக்காது. சாயங்காலம் டியூப்லைட் எரியும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல். கீழ்க்கம்பிக்கு நேராகக் கண்ணை வைத்து, அதில் தெரியும் டியூப்லைட் வெளிச்சக் கோட்டைப் பார். நல்ல குழாயில் அந்தக் கோடு நூல் பிடித்த மாதிரி கடைசிவரை ஓடும். எங்கேயாவது அலை மாதிரி நெளிந்தால் அங்கே அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். முக்கியமாக ஹேண்டில்பார் குழாய்க்கு ஒரு சாண் பின்னால், கீழ்க்கம்பியின் அடிப்பக்கம் விரலால் தடவு. முன்னால் எதிலாவது மோதிய வண்டிக்கு அந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். புடைப்பு இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம் நூல். பின்சக்கரம் மாட்டும் காதில் ஒரு பக்கம் கட்டி, ஹேண்டில்பார் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து அடுத்த காதில் இறுக்கிக் கட்டு. சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்து பார். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் கவலைப்படாதே. ஐந்து, ஆறு என்றால் விட்டுவிடு.

சீட் பில்லர் சிக்கியிருப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதே, விலை பேசும்போது அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பைப் ரெஞ்ச் போட்டுத் திருகாதே, சீட் குழாயே கிழிந்துவிடும். பெடல் அச்சைக் கழற்றிவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்து. இப்போது அச்சு இருந்த பெட்டிக்குள் சீட் குழாயின் வாய் மேல் பார்த்து இருக்கும். அதில் மண்ணெண்ணெயும் மெல்லிய ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்று, அது இறங்கிப் பில்லர் மேலேயே போய் நிற்கும். மூன்று நான்கு நாள் அப்படியே விடு. அவசரப்பட்டவன் பில்லரையும் உடைப்பான், ஃப்ரேமையும் உடைப்பான்.

இந்த நிலையில் 6,000 சொல்லு, 8,000 தாண்டாதே. சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, அதனால் பெரியவரிடம் கைச்சீட்டு வாங்கிவிடு. அச்சுப் பெட்டிக்கு அடியிலோ சீட் குழாய்ப் பக்கமோ ஃப்ரேம் நம்பர் வெட்டியிருக்கும், அதையும் சீட்டில் எழுதச் சொல்.

ராணிப்பேட்டை டீச்சர்:

கடைக்கார அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் வேதியியல் டீச்சர், குரோம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாம் குரோம் என்று சொல்லும் பளபளப்பில் பெரும்பங்கு அடியில் இருக்கும் நிக்கலுடையது. மேலே இருக்கும் குரோமியம் ஒரு மைக்ரான் தடிமன் கூட வராது. நிக்கல் மங்காமல் காப்பதுதான் அதன் வேலை. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் வெடிப்புகளும் உண்டு. ஈரம் அதன் வழியாக எஃகு வரை இறங்கினால்தான் நீங்கள் பார்த்த கடுகுத் துரு வெளியே வரும். உப்புக்காற்று படும் சென்னையில் இருபது வருடம் இப்படிக் கிடந்திருந்தால் கதையே வேறு. நம் பக்கத்து வறண்ட வெயில் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது.

கடுகுத் துருவுக்கு உப்புத்தாளோ இரும்பு நாரோ தொடவே வேண்டாம், கோடு விழுந்துவிடும். பார்சல் சாப்பாட்டுக்கு வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமை விட மிருதுவானது, துருவை எடுக்கும், குரோமைக் கீறாது. சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் வரும், துடைத்துவிட்டு மெழுகுப் பாலிஷ் போடுங்கள். காசு அளவுக்கு உரிந்த இடம் திரும்ப வராது. அதை நன்றாகத் துடைத்து மெல்லிய ஆயில் பூசியே வைத்திருங்கள்.

உங்கள் மச்சான் சொன்ன யோசனை வேண்டவே வேண்டாம். திரும்பக் குரோம் போடுவதற்கு முன் பழையதை அமிலத்தில் உரித்து, பஃப் வைத்துத் தேய்ப்பார்கள். நல்ல ரேஸ் ஃப்ரேம் குழாய்களின் சுவர் நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் அதிகம், அதில் தேய்த்து எடுக்க என்ன இருக்கிறது? அமிலம் குழாய்க்குள் தங்கினால் உள்ளிருந்தே அரிக்கும். அமிலக் குளியலிலும் முலாம் போடும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, உறுதியான எஃகையும் நொறுங்கும்படி செய்துவிடும். உடனே சூளையில் வைத்துச் சூடேற்றினால்தான் அது வெளியேறும், அந்த அக்கறை எடுக்கும் பட்டறை கிடைப்பது அரிது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தொட்டியில் வழக்கமாக இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. எங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல் இன்னும் மேடாகக் கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சளாக ஓடும் தண்ணீரைக் கண்ணால் பார்த்தவள் நான். நன்றாக இருக்கும் குரோமை உரித்து இன்னொரு வாளி கழிவு உண்டாக்க வேண்டாம், தம்பி.

சத்துவாச்சாரி சக்கரம்:

வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பின் கியர் மாற்றி ஷிமானோவா என்று பாருங்கள். ஆம் என்றால் அதன் பின்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து வருடம், ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே மேலே போகும். இரண்டாவது எழுத்து மாதம், ஏ ஜனவரி. பாகத்தின் வயதுதான் தெரியும், ஃப்ரேமின் வயது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் யாரும் கழற்றி மாற்றாத வண்டியில் இரண்டும் அநேகமாக ஒட்டியே வரும்.

டயர் விஷயம்: 27க்கு 1¼ ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., நம் ஊர் 28க்கு 1½ க்கு 635. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று கடையில் யாராவது மாட்டப் பார்த்தால் விடாதீர்கள், டயர் தளர்வாக இருந்து கழன்றுவிடும். 27 டயர் தேடினால் கிடைக்கும். இல்லையென்றால் இப்போதைய எழுநூறு சி ரிம் போடலாம், அது 622. அப்போது பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும், பிரேக்கின் கை அந்த அளவு நீளுகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துப்போங்கள். ரிம்மில் ஒட்டினால் குரோம் போட்ட எஃகு ரிம். பார்க்க அழகு, ஆனால் ஈரமானால் பிரேக் பிடிக்காது. பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி மழையில் எஃகு ரிம்மோடு அதில் இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அமிர்திக்குப் போதும், ஏலகிரிக்கு அலுமினிய ரிம் மாற்றிவிட்டுப் போங்கள். எஃகு ரிம்மில் 70 பவுண்டுக்கு மேல் காற்றும் வேண்டாம், அதன் ஓரம் அதிக அழுத்தத்தைப் பிடித்து வைக்காது.

காந்தம் சீட் பில்லருக்கும் உதவும். ஒட்டவில்லை என்றால் பில்லர் அலுமினியம், எஃகுக்குள் அது உப்பிக்கொண்டு சிக்கியிருக்கும். அண்ணன் சொன்ன ஆயிலுக்கு அசையாவிட்டால் அம்மோனியா ஊற்றிப் பாருங்கள், சில நேரம் பிடி தளரும். வெட்டவெளியில் செய்யுங்கள், மூக்கைப் பிடுங்கும்.

காட்பாடிக்காரன்:

அண்ணா, டீச்சர், சக்கரம், மூன்று பேருக்கும் நன்றி. நேற்று நூல், ஸ்கேல், காந்தம், டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டியூப்லைட் கோடு மூன்று குழாயிலும் நேராக ஓடியது. நூலில் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். கீழ்க்கம்பி அடியில் புடைப்பு இல்லை, மூன்று தடவை தடவிப் பார்த்தேன். கியர் மாற்றி ஷிமானோதான், எழுத்து எஃப், டி, அதாவது 1981 ஏப்ரல். அதைச் சொன்னதும் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அண்ணன் ஊருக்குத் திரும்பியது அடுத்த வருடம்தான்” என்றார். ரிம்மில் காந்தம் ஒட்டியது, பில்லரில் ஒட்டவில்லை.

பில்லரையும் டயரையும் காட்டி 6,000 என்றேன். பேச்சு 7,500 இல் நின்றது, கைச்சீட்டில் ஃப்ரேம் நம்பரை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் வைத்திருந்த ஸ்பேனர் இரண்டு, ஒரு பித்தளைப் பம்ப் முனை, துணியில் சுற்றிய பெயர்த்தகடு. தகட்டில் எழுத்து தேய்ந்துவிட்டது, ஆனால் அந்த இரண்டு ஓட்டையில் கச்சிதமாக உட்காருகிறது.

அண்ணா, இப்போது வண்டி வீட்டில் தலைகீழாக நிற்கிறது, பெடல் அச்சின் வலதுபக்கக் கப்பு கழல மாட்டேன் என்கிறது. அதை எந்தப் பக்கம் திருக வேண்டும்?

குடியாத்தம் சைக்கிள் கடை:

அந்தக் கப்பைத் தொடாதே தம்பி. பிரிட்டிஷ் மரை என்றால் வலது கப்பு தலைகீழ் மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருகினால்தான் கழலும். பிரெஞ்சு, இத்தாலி மரை என்றால் எல்லா நட்டையும் போல எதிர்ப்பக்கம். எது என்று தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும். இடது கப்பை மட்டும் கழற்றி அச்சையும் பால்ரஸையும் வெளியே எடு, ஆயில் ஊற்ற அதுவே போதும். வலது கப்பை அப்படியே விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கடைக்குக் கொண்டுவா, மரை கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். பால்ரஸை எண்ணி வை.