வண்டியில வயர்லெஸ் கேக்கல, அவசரம்

தனிவழி:
வண்டியில செட் மாட்டி ஒரு வாரம் ஆச்சு. நான் பேசுறது எல்லாருக்கும் தெளிவா போகுதாம். எனக்குப் பக்கத்துல இருக்கிறவங்க பேசுனா மட்டும்தான் கேக்குது. இதே செட் வீட்டுல நல்லா இருந்துச்சு. நாளைக்குக் காலையில கிளம்பணும். செட் போயிடுச்சா?

கடலலை:
எந்த பேண்ட், அதாவது எந்த அலைவரிசை? ஆன்டெனா எங்க மாட்டியிருக்கீங்க? இன்ஜின் அணைச்சாலும் இப்படித்தானா?

கம்பிக்காரன்:
கேபிள்தான். கதவிடுக்குல நசுங்கியிருக்கும். நான் பாத்த வண்டிகள்ல பாதிக்கு மேல இதே கதைதான்.

மூத்தகுரல்:
கேபிள் நசுங்கினால் பேசுவதும் கெட்டுப்போகும். போவதும் வருவதும் ஒரே கம்பி வழியாகத்தான். இந்த அடிப்படை தெரியாமல் பதில் போட வேண்டாம். வண்டிக்குள் ஏதோ இரைச்சல் கிளப்புகிறது.

கம்பிக்காரன்:
ஐயா, அவர் செட் 50 வாட்டா இருந்து, எதிர்ல 5 வாட் கைசெட்டா இருந்தா? கேபிள்ல பத்துல ஒரு பங்குதான் தேறுதுன்னு வைங்க. இவரோட 50, 5 ஆகிப் போய்ச் சேரும், அது போதும். அவங்களோட 5 இங்க 0.5 மாதிரிதான் வரும். அடிப்படை எனக்கும் தெரியும்.

தனிவழி:
145 மெகாஹெர்ட்ஸ். காந்த ஆன்டெனா, கூரை நடுவுல. எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்புற சக்தியில எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற அளவு, 1-க்குப் பக்கத்துல இருந்தா நல்லது) 1.2 காட்டுது. இன்ஜின் அணைச்சுப் பாக்கல.

மூத்தகுரல்:
1.2 என்றால் கேபிள், ஆன்டெனா இரண்டும் நலம். முடிந்தது.

கம்பிக்காரன்:
முடியல. சக்தியைத் தின்னுற கேபிள், திரும்பி வர்ற அலையையும் சேத்துத் தின்னுடும். அப்ப செட் பக்கத்துல வெச்ச மீட்டர் நல்லதாத்தான் காட்டும். ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டி, சக்தியைச் சூடா மாத்துற டம்மி லோடுகூட 1.0 காட்டும், அதுல யாரோட பேசுவீங்க?

ராப்பயணி:
சண்டை அப்புறம். தனிவழி, எஃப்.எம்.ல இரைச்சல் ஏறினா காதுக்குத் தெரியாது. பலவீனமான சிக்னல் அதுக்குள்ள அமுங்கிடும், ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதப்ப ஸ்பீக்கரை மூடி வைக்கிற அமைப்பு) திறக்காது, செட் செவிடான மாதிரி இருக்கும். யாரும் பேசாத சேனலுக்குப் போய் சிக்னல் மீட்டரைப் பாருங்க. அங்கயும் கோடு ஏறி நின்னா அது இரைச்சல்; முதல்ல இன்ஜினை அணைங்க. அப்புறம் மொபைல் சார்ஜர், டேஷ் கேமரா, எல்.இ.டி. விளக்குன்னு ஒவ்வொண்ணா பிடுங்குங்க. எதை எடுத்ததும் கோடு இறங்குதோ அதுதான். ரெண்டை ஒரே நேரத்துல பிடுங்காதீங்க.

கடலலை:
செட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுத்தீங்க? லைட்டர் துளையிலிருந்துன்னா, ஃபியூஸ் போட்டு நேரா பேட்டரிக்கு மாத்துங்க.

தனிவழி:
டேஷ் கேமரா சார்ஜர். பிடுங்கினதும் மூணு கோடு இறங்கிடுச்சு, தூரத்து ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புற நிலையம்) தெளிவா கேக்குது. இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்ல. எல்லாருக்கும் நன்றி, கிளம்புறேன்.

ராப்பயணி:
நல்லது. கேமரா வேணும்னா அந்த வயர்ல, சார்ஜர் பக்கமா, ஃபெரைட் வளையத்துல (இரைச்சலைத் தடுக்கிற காந்தப்பொருள் வளையம்) மூணு நாலு சுத்து சுத்திப் பாருங்க. குறையலன்னா சார்ஜரையே மாத்துங்க.

மூத்தகுரல்:
நான் சொன்னதுதான்.

கம்பிக்காரன்:
இந்த வண்டியில நீங்க சொன்னது சரி, ஒத்துக்குறேன். 1.2 பாத்துட்டு கேபிள் நலம்னு சொன்னது இப்பவும் தப்புதான்.

கடலலை:
தனிவழி, ஃபெரைட் போட்டீங்களா? எனக்கும் இதே தொல்லை, கேமராவைக் கழட்ட மனசில்ல.