பிக் 12-இல் யுசிஎஃப்: அந்த 2017 பட்டம் யாருடையது?

ஸ்டில்வாட்டர்வாசி:
"தேசிய வாகையர் என்ற தகுதியோடுதான் பிக் 12-க்குள் நுழைந்தோம்" என்று யுசிஎஃப் (ஆர்லாண்டோவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக அணி) ரசிகர் ஒருவர் நேற்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1979-இல்தான் அமெரிக்கக் கால்பந்தில் கால் பதித்து, 2023 ஜூலையில் எங்கள் ஓக்லஹோமா ஸ்டேட் ஆடும் இந்த பிக் 12 கான்ஃபரன்ஸில், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில், சேர்ந்த அணி அது. 2017 பருவத்தின் இறுதியாட்டத்தில் மோதியவை அலபாமாவும் ஜார்ஜியாவும், வென்றது அலபாமா. ஆடாத இறுதியாட்டத்தில் பட்டம் வெல்லும் வித்தையை யாராவது எனக்கும் கற்றுத் தரலாம்.

ஆர்லாண்டோ ரசிகன்:
எழுதியவன் நான்தான். அந்தப் பருவத்தில் 13 ஆட்டங்கள் ஆடினோம், பதின்மூன்றிலும் வென்றோம். அலபாமா, ஜார்ஜியா இரண்டையுமே ஒருமுறை வீழ்த்திய ஆபர்ன் அணியை, பீச் பௌல் என்னும் பருவ இறுதிச் சிறப்பாட்டத்தில் 34-27 என்ற கணக்கில் வீழ்த்தியவர்கள் நாங்கள். பட்டத்தை முடிவுசெய்யும் நான்கு அணி பிளேஆஃபுக்கு எங்களை அழைக்காதது யார் குற்றம்? கோலி கணினித் தரவரிசை எங்களுக்கே முதலிடம் தந்தது. கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் ஏட்டிலும் அது பதிவாகியிருக்கிறது.

ஸ்டில்வாட்டர்வாசி:
கணினி சொல்லிவிட்டதாம், உடனே டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலமும் நடந்ததாம்! செய்தியாளர்கள் வாக்களிக்கும் ஏபி வாக்கெடுப்பின் இறுதிப் பட்டியலில் உங்களுக்குக் கிடைத்தது ஆறாம் இடம். ஆறாம் இடத்தவரை வாகையர் என்று அழைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

ஆர்லாண்டோ ரசிகன்:
உங்கள் ஊர் வழக்கம் எனக்கும் தெரியும், ஐயா. 1945-ஆம் ஆண்டின் பட்டத்தை ஓக்லஹோமா ஸ்டேட் 2016-இல், அதாவது 71 ஆண்டுகள் கழித்து, பெற்றுக்கொண்டது. நாங்களாவது சூட்டோடு சூடாகக் கொண்டாடினோம்.

ஸ்டில்வாட்டர்வாசி:
அது பயிற்சியாளர் சங்கம் ஆராய்ந்து வழங்கிய பட்டம். 1945-இல் ஒன்பது ஆட்டங்களிலும் வென்ற அணிக்கு உரியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஆர்லாண்டோ ரசிகன்:
ஒன்பதுக்கு ஒன்பது பட்டமாம், பதின்மூன்றுக்குப் பதின்மூன்று பகற்கனவாம். நல்ல தராசு.

கேன்சஸ் உழவன்:
பட்டத்தை விடுங்கள், மரபைப் பேசுவோம். கேன்சஸ் ஸ்டேட்காரர்களான நாங்களும் அயோவா ஸ்டேட்டும் 1917-இல் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஆண்டும் விடாமல் மோதியிருக்கிறோம். கனெக்டிகட் பயிற்சியாளர் தாமே ஒரு கோப்பையைச் செய்து யுசிஎஃப்போடு பகைமை கொண்டாட முயன்றபோது, 2016-இல் அங்கே போய் வென்ற யுசிஎஃப் அந்தக் கோப்பையை மைதானத்து ஓரத்திலேயே விட்டுவிட்டு வந்தது. கோப்பையை மதிக்கத் தெரியாதவர்களுக்கு மரபு எதற்கு?

ஆர்லாண்டோ ரசிகன்:
கேட்காமல் திணித்த கோப்பையை எடுத்து வருவதுதான் மரியாதையோ? எங்கள் உண்மையான பகை தெற்கு ஃபுளோரிடாவோடு. 2017-இல் 49-42 என்று முடிந்த அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் அதைச் செயற்கை என்று சொல்லமாட்டார்.

ஸ்டில்வாட்டர்வாசி:
அந்தப் பகையையும் பிக் 12 வருமானத்துக்காகத்தானே கைவிட்டு வந்தீர்கள்? ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தோடு நாங்கள் மோதும் பெட்லம் நின்றதற்குக் காரணம், எஸ்இசி என்ற வேறு கான்ஃபரன்ஸுக்கு ஓடிய அந்த நார்மன் ஊர்க்காரர்கள். நாங்கள் எங்கும் ஓடவில்லை. கடைசி பெட்லத்தையும் 27-24 என்று வென்றே வழியனுப்பினோம்.

ஆர்லாண்டோ ரசிகன்:
அதற்கு அடுத்த வாரமே ஆர்லாண்டோவுக்கு வந்து 45-3 என்று தோற்றதை ஏன் எழுதவில்லை?

ஸ்டில்வாட்டர்வாசி:
கொட்டும் மழையில் நடந்த ஓர் ஆட்டம் அது. 35-7 என்று முன்னிலை பெற்றும் பேய்லரிடம் 36-35 என்று கோட்டைவிட்டவர்கள் எங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம். அதெல்லாம் இருக்கட்டும், நான் கேட்டது 2017-ஐப் பற்றி. இறுதியாட்டத்தில் ஆடினீர்களா, இல்லையா?

ஆர்லாண்டோ ரசிகன்:
1945-இல் நீங்கள் ஆடினீர்களா?

ஸ்டில்வாட்டர்வாசி:
அப்போது இறுதியாட்டம் என்ற ஒன்றே கிடையாது. 2017-இல் இருந்தது. மீண்டும் கேட்கிறேன்: ஆடினீர்களா, இல்லையா?