புதுப்பிப்பு: நெல் மூட்டைகளில் எலித் தொல்லை தீர்ந்தது

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு நெல் மூட்டைகளை எலி கடிக்கிறது என்று வழி கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, நஞ்சை விட்டுவிட்டு முதலில் ஓட்டைகளை அடையுங்கள் என்ற யோசனைதான். சுண்டெலி நுழைய 6 மில்லிமீற்றர் இடைவெளியே போதும். அதனால் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் கால் அங்குலக் கம்பிவலை அடித்து, ஓரங்களைச் சீமெந்தால் பூசினோம். கதவின் அடியில் தகரம். மூட்டைகளைச் சுவரில் முட்டாமல் பலகைமேல் ஏற்றினோம். அப்புறம் உள்ளே மிஞ்சியவை சுட்ட கருவாடு வைத்த பொறியில் அகப்பட்டன. நஞ்சு தின்ற எலியைப் பிடித்தால் பூனையும் சாகலாம். நஞ்சு வைக்காதது பெரிய நிம்மதி.

எதிர்பாராத ஒன்று: அறைக்குள் அடிக்கடி புகுந்த சாரைப்பாம்பையும் இப்போது காணவில்லை. எலிக்காகத்தான் வந்திருக்க வேண்டும்.

மாரி தொடங்குமுன் வலையில் துரு பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.