மறு: மேக்ரோவில் போடும் அடைப்புக்குறிக்கு ஒரு சொல் – காப்படைப்பா, பிணைப்படைப்பா?

> மேக்ரோவில் அளபுருவைச் சுற்றிப் போடும் அடைப்புக்குறியைக் ‘காப்படைப்பு’ எனலாம். போட்டால் மேக்ரோ பாதுகாப்பாகிவிடும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

(புதிதாக வருபவர்களுக்கு: சி மொழியில் ஒரு நிரல்துண்டுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயர் வரும் இடத்திலெல்லாம் துண்டை ஒட்டச் செய்வதுதான் மேக்ரோ. அது வாங்கும் உள்ளீட்டுக்கு வரையறையில் வைக்கும் பெயர் அளபுரு, அதாவது parameter. நம் கலைச்சொல் பட்டியலுக்குத்தான் இந்தப் பேச்சு.) பெயரிலேயே அப்படித் தெரிவதுதான் எனக்கு உறுத்துகிறது. அடைப்புக்குறி போட்டதால் மட்டும் மேக்ரோ பாதுகாப்பாகிவிடாது. உள்ளே இருப்பதை +, * போன்ற அக்கம்பக்கத்துச் செயற்குறிகள் பிய்த்துக்கொண்டு போகாதபடி ஒன்றாகக் கட்டி வைக்கும், அவ்வளவுதான். அதனால் ‘பிணைப்படைப்பு’ என்பேன். பெருக்கல் கூட்டலைவிட இறுக்கமாகப் பிணைக்கும் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

தொகுப்பி வேலையைத் தொடங்கும் முன் மேக்ரோக்களை விரித்துக் கொடுக்கும் முன்செயலிக்குக் கணக்குத் தெரியாது. கொடுத்த துண்டை எடுத்து அப்படியே ஒட்டிவிடும். இப்படி ஒரு மேக்ரோ இருக்கட்டும்:

    வர்க்கம்(க)    க * க

வர்க்கம்(2 + 3) என்று அழைத்தால் 2 + 3 * 2 + 3 என்று விரியும். பெருக்கல் முந்திக்கொள்ளும், 25 வரவேண்டிய இடத்தில் 11 வரும். சரி, அளபுருவுக்கு அடைப்பு போடுவோம்:

    வர்க்கம்(க)    (க) * (க)

இப்போது 25 வந்துவிடும். ஆனால் 100 / வர்க்கம்(5) என்று எழுதிப் பாருங்கள். 100 / (5) * (5) ஆகி, இடமிருந்து வலமாகப் போய் 100-இல் நிற்கும், வரவேண்டியது 4. இதற்கு வெளியே இன்னொரு சோடி வேண்டும்: ((க) * (க)). வெளிச்சோடியை மட்டும் வைத்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் பழைய 11 திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உள்ளே இருப்பது, அழைப்பவர் தரும் கோவையை (2 + 3 போன்றதை) மேக்ரோவின் செயற்குறிகளிடமிருந்து பிரித்து வைக்கிறது. வெளியே இருப்பது, மேக்ரோ தரும் விடையை அழைப்பவரின் செயற்குறிகளிடமிருந்து பிரித்து வைக்கிறது. பாதுகாப்பாக சி நிரல் எழுதுவதற்கான செர்ட் சி விதித்தொகுப்பிலும் இவை தனித்தனிப் பரிந்துரைகள்தான். மிஸ்ரா சி 2012 என்ற இன்னொரு விதித்தொகுப்பில் அளபுரு அடைப்புக்கென்றே 20.7 என்ற விதி உண்டு. எனவே நமக்கும் இரண்டு சொற்கள் தேவை: உட்பிணைப்படைப்பு, புறப்பிணைப்படைப்பு. நீளம்தான். பேச்சில் ‘உள்ளடைப்பு’, ‘புறவடைப்பு’ என்று சுருங்கிவிடும், கவலை இல்லை.

> சி தரநிலையே ‘அடைப்புக்குறிகளால் முழுதும் காக்கப்பட்ட’ என்ற பொருளில்தானே சொல்கிறது? ‘காப்பு’ ஏன் வேண்டாம்?

உண்மைதான், செந்தர நூலகத்தின் அளபுரு இல்லாத மேக்ரோக்களைப் பற்றி அப்படி ஒரு வரி இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் பின்பாதியையும் பாருங்கள். எந்தக் கோவைக்குள் போட்டாலும் ஒற்றைப் பெயர் நிற்பதுபோல அது சேர்ந்து நிற்கவேண்டும் என்கிறது. காப்பு என்று அவர்கள் சொல்வதே இந்தச் சேர்ந்து நிற்றலைத்தான்.

அடைப்பு எதைக் காக்காது என்பதற்கு ஒன்று:

    பெரியது(அ, ஆ)    ((அ) > (ஆ) ? (அ) : (ஆ))

அடைப்பில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. எண் என்ற மாறியில் 15 இருக்கும்போது பெரியது(எண்++, 10) என்று அழையுங்கள். ஒப்பிடும்போது ஒருமுறை கூடும், விடை எடுக்கும்போது மறுபடியும் கூடும். விடையாகக் கிடைப்பது 16, கடைசியில் எண்ணில் இருப்பது 17. எத்தனை சோடி அடைப்பு போட்டாலும் இந்தப் பக்கவிளைவு தீராது. உள்ளீட்டை ஒரே ஒருமுறை கணக்கிடும் இன்லைன் சார்பாக எழுதினால்தான் தீரும். ‘காப்படைப்பு போட்டிருக்கிறேனே, அப்புறம் என்ன?’ என்று ஒருவர் கேட்டால், அந்தத் தப்பெண்ணத்தைக் கொடுத்தது நாம் வைத்த பெயராகத்தான் இருக்கும்.

> யோசிக்காமல் எல்லா இடத்திலும் போட்டுவிடு என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடலாமே?

முடியாது. அளபுருவை எழுத்துச் சரமாக்கும் # குறிக்கும் இரண்டு துண்டுகளை ஒன்றாக ஒட்டும் ## குறிக்கும் பக்கத்தில் அடைப்பு வந்தால் தொகுப்பியே திட்டும். அளபுருவாக வருவது ஸ்ட்ரக்ட் என்ற தரவுத்தொகுதியின் உறுப்புப் பெயர் என்றால், புள்ளிக்குப் பின் அடைப்பு போட முடியாது. மாறியை அறிவிக்கும் இடத்தில் தரவுவகையின் பெயர் அளபுருவாக வந்தாலும் அப்படியே. இன்னொரு பக்கம், அளபுருவை அப்படியே ஒரு சார்புக்கு உள்ளீடாகத் தள்ளிவிடும்போது உள்ளடைப்பு தேவையே இல்லை, அங்கே காற்புள்ளியே பிரித்துவிடுகிறது. நான் அங்கும் போடுவேன். படிப்பவர் நின்று யோசிக்க வேண்டாம் பாருங்கள்.

‘மேக்ரோ அடைப்பு’ என்று பொதுவாக வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதில் சம்பந்தமில்லாதவை வந்து கலந்துவிடும். வரையறையில் பெயரை ஒட்டி வரும் அடைப்பு இலக்கணத்தின் பகுதி. நடுவில் ஒரு இடைவெளி விட்டால் ‘க’ அளபுருவாகவே இருக்காது. (வர்க்கம்)(5) என்று பெயரைச் சுற்றிப் போடும் அடைப்போ மேக்ரோவை விரியவிடாமலே தடுக்கிறது. அதே பெயரில் ஒரு சார்பு இருந்தால் அதை அழைக்க உதவும் வழி அது. இந்த இரண்டும் எதையும் பிணைப்பதில்லை.

பட்டியலுக்கு என் வரைவு:

பிணைப்படைப்பு – மேக்ரோ விரிந்தபின் ஒரு கோவை பிரியாமல் ஓர் அலகாக நிற்பதற்காக இடும் அடைப்புக்குறி. அளபுருவைச் சுற்றி இட்டால் உட்பிணைப்படைப்பு, விரிவு முழுவதையும் சுற்றி இட்டால் புறப்பிணைப்படைப்பு. பக்கவிளைவுகளைத் தடுக்காது.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். ‘அளபுரு’வா ‘கூறளவு’வா என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து தனியாக வைத்துக்கொள்வோம்.