‘பிப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

ஆட்டோ லேத்தில் (நீள உலோக ராடிலிருந்து உருப்படிகளைத் தானே கடைந்து தள்ளும் எந்திரம்) பார்ட்டிங் டூல், அதாவது அறுக்கும் உளி, ஜாபை, அதாவது கடைந்த உருப்படியை, ராடிலிருந்து அறுத்து விட்டதும், அறுபட்ட முகத்தின் நட்டநடுவில் சின்ன மொட்டு ஒன்று நிற்கும். ஆங்கிலக் கையேடுகளில் ‘பிப்’. இதைப் ‘பிசிறு’ என்று மொழிபெயர்த்தால் சரியாக இருக்குமா?

—

பொருந்தாது ஐயா. பிசிறு விளிம்பில் வருவது. டூல் சீவாமல் ஒதுக்கித் தள்ளிய உலோகம். இந்த மொட்டு வெட்டே படாத உலோகம். ராடு ஒரே சுற்று வேகத்தில் ஓடும்போது விட்டம் குறையக் குறைய வெட்டு வேகமும் குறைந்து, மையத்தில் சுழியாகிறது. டூலின் அலகு அங்கே போய்ச் சேருமுன் ஜாப் தன் கனத்திலேயே முறிந்து விழுகிறது. முறிந்த தடம்தான் அந்த மொட்டு.

பிசிறு என்று எழுதினால் படிப்பவர் டூலைச் சாணை பிடிக்கப் போவார். பார்க்க வேண்டியது முதலில் டூலின் உயரம். முனை மையத்துக்கு 0.15 மி.மீ. தாழ்ந்திருந்தால், அலகு எவ்வளவு உள்ளே போனாலும் 0.3 மி.மீ. விட்டத்துக்கு ஒரு தண்டு வெட்டுப்படாமல் மிஞ்சும். அடுத்தது ஊட்டம், அதாவது டூல் உள்ளே நகரும் வேகம்: மையத்துக்கு 2 மி.மீ. முன்பிருந்தே நன்றாகக் குறைக்க வேண்டும். கணினி நிரல்படி ஓடும் சிஎன்சியில் அது நிரலில் ஒரு வரி. கேம் ஆட்டோவில், டூலைத் தள்ளும் வளைந்த தட்டான கேமின் ஏற்றத்திலேயே அதை வெட்டி வைத்திருக்க வேண்டும்.

—

அப்படியானால் ‘காம்பு’. பழம் காம்போடு வருவதும் உண்டு, காம்பை மரத்திலேயே விட்டு வருவதும் உண்டு. இங்கும் அதே கதை: மொட்டு ஜாபோடும் வரும், ராடிலும் நிற்கும். அலகின் முன்விளிம்பைச் சற்றுச் சாய்த்து, ஜாப் பக்க மூலை முதலில் மையம் தொடும்படி தீட்டினால் காம்பு ராடோடு நின்றுவிடும். சாய்வு அதிகமானால் அலகு பக்கவாட்டில் வளைந்து முகம் குழியும் அல்லது புடைக்கும். அது தனி வில்லங்கம்.

—

‘தொப்புள்’ இன்னும் பொருத்தமில்லையா? நடுவில் இருப்பதைச் சொல்லிவிடுகிறது.

—

தொப்புள் என்றதும் குழிதான் நினைவுக்கு வரும். ராடில் நிற்பதை அப்படிச் சொல்லவும் முடியாது. ராடில் நிற்பதற்கும் பெயர் வேண்டும், ஏனென்றால் தொல்லை அங்கேதான் அதிகம். அடுத்த ஜாபுக்கு ராடு முன்னேறும்போது, அதைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரில் இடிப்பது முகமல்ல, காம்பு. 0.4 மி.மீ. காம்பு நின்றால் ஜாப் நீளத்தில் 0.4 குறையும். துளையிடும் ஜாபில் டிரில் முனை அதன்மேல் வழுக்கி மையம் விலகும். அதனால் அலகு மையத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் திரும்ப வேண்டும்.

3 மீட்டர் ராடில் 20 மி.மீ. ஜாப், 2 மி.மீ. அலகு, கடைசித் துண்டு 80 மி.மீ. என்றால் 132 ஜாப். 8 நொடிக்கு ஒன்று வீதம் பதினெட்டு நிமிடத்துக்குள் ராடு தீர்ந்துவிடும். இதையெல்லாம் உட்கார்ந்து கையால் அரம் போட ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது.

—

வெறும் ‘காம்பு’ என்றால் குடைக்காம்பு, கரண்டிக்காம்பு என்று கைப்பிடிப் பொருளும் வரும். ‘வெட்டுக்காம்பு’ என்றால் குழப்பமில்லை. ஜாப்காம்பு, ராடுகாம்பு என்று பிரித்துக்கொள்ளலாம். வரைபடத்தில் ‘வெட்டுக்காம்பு: விட்டம் 0.5, உயரம் 0.3க்கு மிகாமல்’ என்று இரண்டு அளவையும் எழுதுங்கள். உயரம் மட்டும் கொடுத்தால் தடித்த, குட்டைக் காம்பு சோதனையில் தேறிவிடும்.